ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். "எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, புதிதாக ஒன்று மாட்டிக் கொடுங்கள்" என்று கேபினெட்டைத் தூக்கி வருகிறவர்களோடு எங்களுக்குப் பெரிய தகராறு எதுவும் இல்லை. சோதித்துப் பார்த்துச் சொல்லிவிடுவோம். "ஃபேன் சுற்றுகிறதே, எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அடித்துச் சொல்கிறவர்களோடுதான் வாதாட வேண்டியிருக்கிறது.

12 வோல்ட் ஃபேன், 9 வோல்ட் வந்தாலும் சுற்றும். மதர்போர்டு அப்படி விட்டுக்கொடுக்காது. 12 வோல்ட் லைனில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் லைனில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். அதுவும் சும்மா இருக்கும்போது மட்டுமல்ல, வேலை செய்யும்போதும்.

ஒருவர் ரேமை இரண்டு முறை மாற்றிவிட்டு எங்களிடம் வந்தார். நாள் முழுக்க டைப் அடித்தால் ஒன்றும் ஆகாது, கேம் திறந்தால் பட்டென்று ரீஸ்டார்ட். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை 12 வோல்ட் வரும் மஞ்சள் வயரிலும் வைத்தோம். 11.9 காட்டியது. கேமை ஓடவிட்டதும் 11.2-க்கு இறங்கியது, அடுத்த நொடி திரை கறுத்தது. எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்துபோயிருந்தன. பாவம், ரேமுக்குச் செலவழித்ததெல்லாம் வீண்.

சூடு ஏறினாலும் கம்ப்யூட்டர் இப்படி அணையும். ஆனால் அது பெரும்பாலும் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் ஃபேன் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். சுமை ஏறிய நொடியிலேயே அணைந்தால் எங்கள் சந்தேகம் முதலில் எஸ்எம்பிஎஸ் மேல்தான்.

சரி, அசைவே இல்லையா? அந்த பிளக் பாயிண்டில் வேறு ஏதாவது ஒன்றை மாட்டிப் பாருங்கள். கேபினெட் பின்னால் உள்ள சின்ன சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், துடைக்கும்போது அதைத் தட்டிவிட்டு இங்கே வந்தவர்கள் உண்டு. மதர்போர்டில் சின்ன விளக்கு எரிந்தால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, அதாவது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வரும் கரண்ட், வருகிறது என்று அர்த்தம். அப்போது முன்பக்க பவர் பட்டனே கெட்டிருக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்துப் பார்க்கும் வித்தை பலருக்கும் தெரியும். அது எஸ்எம்பிஎஸ் கிளம்புகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும், சுமையைத் தாங்குமா என்பதைச் சொல்லாது. சில எஸ்எம்பிஎஸ்களில் சுமை குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது. அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். எங்கள் ஆட்களே அதைத் திறக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்புறம், கழற்றி மாட்டும் கேபிள் உள்ளதை வாங்கினால் பழைய கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். பிளக் பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் கருகிப்போகும்.

கொண்டு வரும்போது நீங்கள் பயன்படுத்தும் பவர் கேபிளையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். எங்கள் கேபிளில் மாட்டினால் ஜம்மென்று ஓடும், வீட்டுக்குப் போனதும் மறுபடி படுத்துக்கொள்ளும். அப்படி ஒரே பெட்டி எங்களிடம் மூன்று முறை வந்துபோயிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சர்வீஸ் பிரிவு