கேஸ் தானாகத் தீராது

அன்புள்ள மகளுக்கு,

காரின் ஏசியில் குளிர்ச்சி இல்லை, கேஸ் டப்பா வாங்கிவிட்டேன், நானே நிரப்பிக்கொள்கிறேன் என்று நீ அனுப்பிய செய்தியை மூன்று முறை படித்தேன். வண்டிக் காரியம் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்றே எப்போதும் சொல்லி வந்தவள் நீ. போகட்டும், நான் ஏசியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

டப்பாவை இப்போது திறக்காதே. முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார். அது தூசியில் அடைத்துக் கிடந்தால், எவ்வளவு கேஸ் இருந்தாலும் உள்ளே காற்று வராது. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் படிந்த அழுக்கை, மெல்லிய தகடுகள் மடங்காதபடி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவு. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் கிளட்ச் உள்ளது என்றால், ஏசியைப் போட்டதும் அதன் முன்தட்டு சுழல்கிறதா என்று எட்டி நின்று பார். கூந்தலை இறுக முடிந்துகொள், பெல்ட் பொல்லாதது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். அது பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கேஸோடு எண்ணெயும் சேர்ந்தே ஓடுவதால், இணைப்புகளில் பிசுக்குப் படிந்த இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே மேலே நிரப்பி நாளைத் தள்ளுவதில் பயனில்லை. கசிவடைப்பான் கலந்த டப்பா என்றால் தொடவே தொடாதே, அது உள்ளே போய் வேறு எதையாவது அடைக்கும்.

பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் கேஸின் வகை ஆர்-134ஏ என்றிருக்கிறதா, ஆர்-1234ஒய்எஃப் என்றிருக்கிறதா, எத்தனை கிராம் என்று படி. இரண்டாவது தீப்பற்றக்கூடியது, ஒன்றின் இடத்தில் மற்றது கூடாது. அழுத்தம் மிகுந்த பக்கத்தில் டப்பாவை மாட்டினால் அது வெடிக்கக்கூடும். பத்து வயதிலேயே போல்ட்டைப் பார்த்து ஸ்பேனர் அளவைச் சொன்னவளுக்கு இதெல்லாம் புரியும். கையுறையும் கண்ணாடியும் போடச் சொன்னால் மட்டும்தான் காது கேட்காது.

உன் சுட்டுவிரல் தழும்பை நான் மறக்கவில்லை. அன்று நீ அவசரப்பட்டுக் குழாயைப் பிடித்தாய் என்று அம்மாவிடம் சொன்னேன் அல்லவா? வால்வை மூட மறந்தவன் நான். மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஆர்-134ஏ திரவம் உன் விரலில் பீய்ச்சியடித்தது; நீயோ திட்டையும் வாங்கிக்கொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாய். அதை நான் சமர்த்து என்று எண்ணிப் பெருமைப்பட்டேன். வலித்தால் வாய் திறக்கக் கூடாது என்று அன்றைக்கே உனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது, அம்மா.

கையுறை போட்டுக்கொள். டப்பாவை மாட்டும் முன் என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். எங்கே கசிகிறது என்று தெரிந்தால், அதையும் சொல்.

அன்புடன்,
அப்பா