மகனுக்குக் கல்யாணமாம்

அன்புள்ள செல்வம்,

பதில் போட இரண்டு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மாம்பலம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் அம்மா போட்டிருக்கும் தையல் மெஷின்தான் ஞாபகம் வந்தது. அதை இனி எங்கே தூக்கிக்கொண்டு போவது?

இங்கே எனக்கும் போன வருஷம் இதே கதைதான். லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம், முடிகிறது, புதுப்பிக்கப்போவதில்லை, சாவியைக் கொடுங்கள் என்று ஓனரிடமிருந்து கடிதம். காரணம் என்று ஒரு வரி கிடையாது. நம்மூர் புத்திதானே, நானும் அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். கீழ்வீட்டு குஜராத்திப் பெரியவர்தான், "லீஸ் முடிந்தது என்பதெல்லாம் நியூ ஜெர்சியில் ஒரு காரணமே இல்லை, பேசாமல் வாடகையைக் கட்டிக்கொண்டு இரு" என்றார். விசாரித்தால் 1974-லிருந்தே அப்படித்தான் சட்டமாம். வாடகை பாக்கி, வீட்டைப் பாழாக்குவது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்று சட்டத்தில் இருக்கும் காரணங்களில் ஒன்றைக் காட்டி, அதைக் கோர்ட்டில் நிரூபித்தால்தான் வெளியேற்ற முடியும். அதையே பதிலாக எழுதிப் போட்டேன், அப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

ரொம்பப் பெருமைப்படவும் முடியாது. ஓனரும் அதே கட்டிடத்தில் குடியிருந்து, வாடகைக்கு விட்டது இரண்டு வீடுதான் என்றால் இந்தச் சட்டம் அங்கே உதவாது. வாடகையை ஏற்றியும் துரத்தலாம். அநியாய ஏற்றம் என்றால் மறுக்கலாம்தான், ஆனால் எது அநியாயம் என்று நீதிபதி சொல்கிற வரைக்கும் தூக்கம் வருமா?

சரி, உன் விஷயம். காரணம் கேட்பது நம்மூருக்குப் புதிதில்லை, தமிழ்நாட்டின் 1960 வாடகைச் சட்டத்திலேயே இருந்தது. அதில் ஓனர்களும் அவதிப்பட்டார்கள், என் மாமா தன் சொந்த வீட்டை மீட்கக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தது உனக்கே தெரியும். இப்போது இருப்பது 2017 சட்டம், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இரண்டு மாத வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை என்று இதிலும் ஏதாவது ஒரு காரணம் வேண்டும். ஆனால் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தமே போடவில்லை என்றால் அதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்கலாம். எனக்கு எரிச்சல் இதில்தான். பதிவு என்றாலே நழுவுவது பெரும்பாலும் ஓனர், தெருவுக்கு வருவது குடித்தனக்காரன். உன்னிடம் என்ன இருக்கிறது? முதல் வருஷம் போட்ட அந்தப் பதினோரு மாத பாண்டு பேப்பர் மட்டும்தானா? இருப்பதை எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு வக்கீலைப் பார். அதற்குள் பயந்துபோய் புரோக்கருக்குப் பணம் கொடுத்துவிடாதே. வாடகையை மட்டும் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாமல் வங்கி வழியாகவே கட்டு.

இன்னொன்று. மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றாராமே உன் ஓனர். நான் அங்கே வந்திருந்தபோது அவருக்கு இரண்டும் பெண் என்றுதானே சொன்னாய்?

உன்,
பாலு