எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைப் பதிவேடு: வீடு திரும்பியவர்களையும் எண்ண வேண்டும்

ஆசிரியருக்கு,

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-ல் நாட்டின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள குழந்தையின் தாய் "அஞ்சு வருஷம் கழிச்சு எம்புள்ள எப்படி இருப்பான்?" என்று கேட்டால், எல்லா மையங்களின் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வழியில்லை. மருத்துவர்கள் சங்கம் நடத்தும் பதிவேடு, மையங்கள் விரும்பி அனுப்பும் விவரங்களையே நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் பிறரிடம் ஸ்டெம் செல் (மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) பெறும் ஒவ்வொரு சிகிச்சையின் விளைவையும் தெரிவிப்பது 2005-ம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமானது. இங்கும் அது கட்டாயமாக வேண்டும்.

பதிவு தொடங்க வேண்டிய நாள் முக்கியம். செல் செலுத்துவதற்கு முன் தரும் தீவிர மருந்துகளின் முதல் வேளைக்கு முன்பே நோயாளியின் பெயர் ஏறிவிட வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் வாரங்களில் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் கணக்கிலேயே வராமல் போவார்கள். அதே நாளில் நோயின் நிலையையும் குறிக்க வேண்டும். தலசீமியா என்றால் கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை நீக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தாரா ஆகிய மூன்றும். இவை இல்லாமல் மையங்களை ஒப்பிட்டால், முற்றிய நோயாளிகளைத் துணிந்து சேர்க்கும் மருத்துவமனைதான் மோசமானதாகத் தெரியும். நாளடைவில் அதுவும் அவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கும்.

பின்தொடர்தல் 100-வது நாள், ஆறு மாதம், ஓராண்டு, அதன்பின் ஆண்டுதோறும் என நடக்க வேண்டும். எல்லோரும் ஒரே அளவுகோலில் எழுத வேண்டும். உதாரணமாக, நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் தொடர்ந்து மூன்று நாள் 500-க்குக் குறையாமல் இருந்தால், அவற்றில் முதல் நாளே செல் பிடித்த நாள், அதாவது புதிய செல்கள் வேலை செய்யத் தொடங்கிய நாள்.

பெரிய ஓட்டை இங்கேதான். ஓசூர், தருமபுரியிலிருந்து பெங்களூரு வந்து சிகிச்சை பெற்றவர் ஊர் திரும்பியதும் கைப்பேசி எண் மாறிவிடுகிறது. 100 பேரில் 60 பேர் உயிருடன் இருக்கிறார்கள், 15 பேர் இறந்தார்கள், 25 பேர் பற்றித் தகவல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தகவல் இல்லாதவர்களை விட்டுவிட்டால் பிழைத்தவர்கள் 80 சதவீதம். அந்த 25 பேரும் இறந்திருந்தால் 60 சதவீதம்தான். அந்த 80 சதவீதத்தை நம்பி முடிவெடுக்கும் குடும்பம் நிலத்தை விற்றுப் பணம் கட்டுகிறது!

எனவே சேர்க்கும்போதே உறவினர் இருவரின் எண்களையும் ஊர் அரசு மருத்துவமனையின் பெயரையும் வாங்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை இறப்புப் பதிவுடன் ஒத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு மையத்திலும் சம்பளத்துடன் முழுநேரத் தரவுப் பணியாளர் ஒருவராவது தேவை. வார்டு வேலைக்கு நடுவே பயிற்சி மருத்துவர் நிரப்பும் படிவத்தில் பாதிக் கட்டங்கள் காலியாகவே இருக்கும். சில கோப்புகளை வெளியாள் வந்து மூலத்துடன் சரிபார்ப்பதும் அவசியம்.

தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தை நடத்தும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் பெங்களூரில்தான் உள்ளது. மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் விவரம் திரட்டும் அனுபவம் அத்திட்டத்துக்கு நெடுநாளாக உண்டு. இந்தப் பொறுப்பை அங்கேயே ஒப்படைக்கலாம். ஒப்புதல் படிவம் மட்டும் நோயாளியின் தாய்மொழியில் இருக்கட்டும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்ததில் தருமபுரிக்காரர் எதைப் படித்துக் கையெழுத்திடுவார்?

மாற்று சிகிச்சைத் தரவுப் பணியாளர்கள்,
பெங்களூரு