1911 வெள்ளி ரூபாய் ஏலத்தில் விலை ஏற்றப்பட்டது குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
இணைய நாணய ஏலப் பிரிவு

ஐயா / அம்மா,

உங்கள் தளத்தில் சென்ற வாரம் முடிந்த ஏலத்தில், ஐந்தாம் ஜார்ஜ் காலத்து 1911 ஒரு ரூபாய் நாணயம் என் பெயரில் 6,500 ரூபாய்க்கு விழுந்திருக்கிறது. அந்த விலைக்கு நான் பணம் கட்டப்போவதில்லை. காரணம் உங்கள் ஏலப் பதிவிலேயே இருக்கிறது.

ஆரம்ப விலை 1 ரூபாய், ரிசர்வ் (இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று விற்பவர் வைக்கும் விலை) இல்லை என்று போட்டிருந்தீர்கள். நல்ல தரமான காசு. மன்னரின் அங்கியில் உள்ள யானையின் துதிக்கை தேயாமல் தெரிகிறது. (அந்த யானை பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பித்தான் 1912-இல் அச்சை மாற்றினார்கள். ‘பன்றி ரூபாய்’ என்று இன்றும் தேடி வாங்குகிறோம்.) அதனால் 6,500-ஐ அதிகபட்ச விலையாகப் பதிந்து வைத்தேன். எதிராளி கேட்பதைவிட ஒரு படி மட்டும் கூட்டி, அந்த எல்லைவரை உங்கள் மென்பொருளே எனக்காகக் கேட்கும். உண்மையாகப் போட்டியிட்டவர் 2,500-இல் நின்றுவிட, உங்கள் மென்பொருள் எனக்காக 2,750 கேட்டது. அதுவரை சரி.

கடைசி நாள் மாலையில் ஒரு புதுக் கணக்கு 9,000 கேட்டது. திரையில் விலை 6,750 ஆனது. என் அதிகபட்சம் 6,500 என்று அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது. சற்று நேரத்தில் கேட்டதை அவர் திரும்பப் பெற்றார். விலை மறுபடி 2,750-க்கு இறங்கியது. அப்புறம் அதே கணக்கு வந்து 6,250 கேட்டது. என் விலை தானாக 6,500-க்கு ஏறியது. அதோடு ஆள் காணாமல் போய்விட்டார். விலையை ஏற்ற விற்பவரே வைத்த ஆள் என்று சந்தேகிக்கிறேன். 9,000 தர வந்தவருக்கு 6,750 கசந்துவிட்டதா?

‘900 என்று தட்டப்போய் 9,000 ஆகிவிட்டது’ என்று அவர் சொன்ன காரணத்தை நீங்கள் எனக்கு அப்படியே அனுப்பியிருக்கிறீர்கள். விலை 2,750-இல் இருக்கும்போது 900-ஐ உங்கள் தளம் ஏற்காதே! யாரும் இதைப் படித்துப் பார்க்கவில்லையா?

‘நீங்களே 6,500 தரத் தயாராகத்தானே இருந்தீர்கள்’ என்று உதவி மையத்தில் கேட்டார்கள். அந்தத் தொகையை நான் உங்கள் மென்பொருளிடம் நம்பிச் சொன்னேன், விற்பவரிடம் சொல்லவில்லை. எதிரில் ஆள் இருந்தால் மட்டும் அதுவரை போவதற்காக வைத்த விலை அது.

11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இதை 1 ரூபாய்க்குத் தர யாருக்கும் மனம் வராது என்பது தெரியும். விற்பவருக்கு 6,000 வேண்டுமென்றால் அதையே ஆரம்ப விலையாகப் போடட்டும், அல்லது ரிசர்வ் உண்டு என்று அறிவிக்கட்டும். கூட்டம் சேர்க்க 1 ரூபாய், பின்வாசல் வழியாக 6,500 என்பது என்ன நியாயம்? கடைசி ஐந்து விநாடியில் வந்து தட்டிப் பறிப்பவர்கள் மேல்கூட எனக்கு வருத்தமில்லை. அவர்கள் பணம் கொடுத்து எடுக்கிறார்கள்.

ஏலம் முடியும்வரை கேட்டதைத் திரும்பப் பெறலாம் என்று 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். விற்பவர் பொய்யாகக் கேட்க வைத்து விலையை ஏற்றினால், வாங்குபவர் விற்பனையை ரத்து செய்யலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்குக்கும் விற்பவருக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க, கைபேசி எண், வங்கிக் கணக்கு, இணைய (ஐ.பி.) முகவரி எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன.

சரிபார்த்து முடிவை எழுத்தில் தாருங்கள். 2,750-உம் அதற்குரிய 15 சதவீதக் கமிஷனும் வரியும் என்றால் இன்றே கட்டுகிறேன். இல்லையென்றால் விற்பனையை ரத்து செய்யுங்கள். பணம் கட்டாவிட்டால் கணக்கை முடக்குவோம் என்ற நோட்டீஸை அதுவரை நிறுத்தி வையுங்கள். மின்வணிக விதிகளின்படி இந்தப் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் வர வேண்டும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஏலப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏல வாடிக்கையாளர்,
மதுரை