ஸ்டேஷன் வாசலில் இரண்டு மூச்சு: சென்னைக் காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை மாநகரக் காவல்துறையில் பணியாற்றும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஒரு ஏட்டையாவின் மகள். புதுப்பேட்டை போலீஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ராத்திரி ரோந்து முடிந்து வரும் அப்பா, பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். இந்த ஊரின் எல்லாத் தெய்வத்துக்கும் அவர் பந்தோபஸ்து நின்றிருக்கிறார். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர், ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம், ரம்ஜான் தொழுகை, டிசம்பர் 24 ராத்திரி சாந்தோம். எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் பல வருஷம் 26-ம் தேதிதான் வந்தது. அதனால் இதை எழுதுவது வெளியாள் இல்லை. உங்கள் வீட்டுப் பெண்தான்.

சில மாதங்களுக்கு முன் அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். அப்பா போன பிறகும் அம்மா கழற்றாத சங்கிலி அது. கழுத்தில் ரத்தக் கீறலோடு அவரை ஒரு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். மேஜையில் இருந்த இளைஞர் தலைநிமிரவில்லை. "என்னா? வெளிய உக்காரு, கூப்பிடுறேன்" என்றார். அம்மாவுக்கு வயது 71. தான் போலீஸ்காரர் பெண்டாட்டி என்று அவர் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பெண் காவலர் தண்ணீர் கொண்டுவந்து, "அம்மா, முதல்ல இதைக் குடிங்க" என்றார். சங்கிலி போனபோது அழாதவர் அப்போதுதான் அழுதார்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பும்போது, ஆட்டோவில் அம்மா சொன்னது இது: "அந்தப் பையன் காலையிலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டான்டி."

அவர் சொன்னது சரியாகவே இருக்கும். வார ஓய்வு உண்டு என்று 2021-ல் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனாலும் ஒரு திருவிழா, ஒரு ஊர்வலம் வந்தால் அந்த ஒரு நாளும் கையை விட்டுப் போகும் என்பது குவார்ட்டர்ஸ் குழந்தைக்குக்கூடத் தெரியும். மைக்கில் மேலதிகாரி திட்டுகிறார். அது இன்ஸ்பெக்டர், எஸ்.ஐ., ரைட்டர், வாசலில் நிற்கும் பாரா என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் புகார் கொடுக்க வந்தவர் தலையில் விழுகிறது. அவருக்குக் கீழே யாரும் இல்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். மெமோ கொடுக்கும் அதிகாரி முன்னால் உங்களால் விறைப்பாக நின்று, வாய் திறக்காமல் இருக்க முடிகிறது. உள்ளே கொதித்தாலும் முகத்தில் காட்டாமல் இருக்க முடிகிறது. அடக்கும் பலம் உங்களிடம் இல்லாமல் இல்லை. கோபம் செல்லாத இடத்தில் அந்தப் பலத்தைச் செலவழிக்கிறீர்கள். கோபம் செல்லுபடியாகும் இடத்தில், அதாவது எளியவர் முன்னால், அந்தப் பலம் கைவசம் இருக்கிறதா? மனிதர் வளர்ந்திருக்கிறாரா என்பதை நான் அங்கேதான் பார்க்கிறேன். தமிழில் அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். 'வா'வா, 'வாங்க'வா என்பதிலேயே தெரிந்துவிடும்.

யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர்கள் வந்து, "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சுமத்தாதீர்கள், சம்பளம் போதும் என்று இருங்கள் என்றார். ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே மாமூலும் பொய் வழக்கும் அவர்களுடைய சோதனையாக இருந்திருக்கின்றன. ஆயுதம் ஏந்துகிற கையும் கடவுளுக்குப் பக்கத்தில் வரலாம் என்பது இதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, ஸ்டேஷனில் அவர்கள் அடிக்கப்பட்ட ராத்திரி நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர். சக ஊழியர்கள் சுற்றி இருக்க, பயத்தோடு சொன்னார். அந்த வருஷ டிசம்பரில், எல்லா ஸ்டேஷனிலும் இருட்டிலும் பதிவாகிற, சத்தத்தையும் பதிகிற கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா வேண்டியதுதான். ஆனால் அந்தத் தலைமைக் காவலரைப் பேச வைத்தது சுவரில் மாட்டிய எதுவும் இல்லை. அவரைப் பேச வைத்த மனசாட்சி உங்கள் எல்லாருக்குள்ளும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நம்பாவிட்டால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

அப்பா குறையில்லாதவர் இல்லை. ஒருமுறை மெரினாவில் ஒரு பையனை, தப்பு அவன் மேல் இல்லை என்று தெரியாமல், அடித்துவிட்டார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் வீட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுப் போகக் கூடாதா என்று அம்மா கேட்டதற்கு, "யூனிஃபார்மோடதானே அடிச்சேன்" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. ஸ்டேஷன் வாசலில் தொப்பியைக் கையில் எடுத்து, இரண்டு மூச்சு நிற்பார். "ஆண்டவரே, இன்னிக்கு என் வாயையும் கையையும் பார்த்துக்கோ." அவ்வளவுதான் ஜெபம். ரிட்டயர் ஆகும் நாள் வரை விடவில்லை. நீங்கள் முருகனைக் கூப்பிடுங்கள், அல்லாவைக் கூப்பிடுங்கள், சாமி இல்லை என்பவர் உங்கள் தாயை நினையுங்கள். இரண்டு மூச்சுக்கு எந்த அதிகாரியும் மெமோ தர மாட்டார்.

ஆயுத பூஜைக்கு லத்திக்கும் துப்பாக்கிக்கும் ஜீப்புக்கும் குங்குமம் வைப்பீர்கள். அப்பாவும் பக்கத்தில் நின்று கைகூப்புவார். இந்த வருஷம் வாசலில், புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் ஒரு பொட்டு வையுங்கள்.

அன்புடன்,
புதுப்பேட்டை குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஒரு மகள்