அம்மாவின் மைலோ டின்

சுங்கை சிப்புட்,
புரட்டாசி மூன்றாம் சனி கழிந்த வியாழன்

அன்புள்ள சரசு,

நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் சுகம்தானே? தீபாவளிக்கு வருகிறேன் என்று இரண்டு வருஷமாக ஏமாற்றுகிறாய். இந்த வருஷமும் ஜொகூரிலிருந்து முறுக்கு டின்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. உன் முறுக்கு இன்னமும் பல்லை உடைக்கிறது.

ஆறு மாதமாக எழுதாததற்கு நீ திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது அம்மாவைப் பற்றி. பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டார்.

போன சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம். உனக்குத்தான் தெரியுமே, தளிகை போட்டு முடிக்கும்வரை அம்மா பச்சைத் தண்ணீர்தான். ஆனால் மாத்திரையை மட்டும் விடவில்லை, காலையிலேயே வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். பத்தரை மணிக்கு மாவிளக்கு பிசைந்துகொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து நின்று, "பெரட்டுக்கு நேரமாச்சு, என் கத்தி எங்கே?" என்றார். தோட்டத்தில் காலை ஆள்கணக்குக்கு நின்று ரப்பர் பால் மரம் வெட்டுவதை விட்டு இருபது வருஷம் ஆகிறது, சரசு. சட்டை தொப்பலாக நனைந்து, கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். தண்டல் வீட்டு அக்கா பெருமாள் இறங்கிவிட்டார் என்று துளசித் தீர்த்தத்தோடு ஓடி வந்தார். நல்ல வேளை, அவர் மகன் சர்க்கரை பார்க்கும் கருவியையும் கையோடு எடுத்து வந்தான். 2.4 காட்டியது. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" இனிப்பு நீருக்கு ஒரு வெள்ளை மாத்திரை என்றேன். பிரஷருக்கு? அதுவும் வெள்ளை. பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அரிசி எத்தனை கிலோ இருக்கிறது என்று தெரியும், அம்மா தினம் விழுங்குவது என்னவென்று தெரியவில்லை.

தம்பி வீட்டுக்குப் போய் அந்த மைலோ டின்னை எடுத்து வந்தான். மருந்தகத்தில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு நம் மூத்தவள் வயதுதான் இருக்கும். டின்னைக் கவிழ்த்து ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தாள். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த பொட்டலத்தில் கிளிக்லாசைடு என்று பெயர் இருந்தது. இன்னொன்று டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் வாங்கியது. அதில் "கென்சிங் மானிஸ்", இனிப்பு நீர், என்று நோயின் பெயரை மட்டும் மலாயில் எழுதியிருந்தார்கள். உள்ளே அட்டையைக் கத்தரித்த கத்தரியில் பெயரும் பாதியாகப் போயிருந்தது, "டயமை" மட்டும் மிச்சம். அவள் பார்த்த உடனே சொல்லிவிட்டாள்: டயமைக்ரான். அதற்குள் இருப்பதும் கிளிக்லாசைடுதான். கம்பெனி வேறு, அட்டை வேறு, மருந்து ஒன்று. மூன்று வாரமாக அம்மா இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்தாம். வயிற்றில் சோறு இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும், சர்க்கரை விழுந்துகொண்டே போகும். மறுபடியும் இறங்கக்கூடும் என்று இரண்டு இரவு வைத்துப் பார்த்தார்கள்.

கால் மரத்துப்போகிறது என்று அம்மா தனியாகவே அந்தக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். "ஏற்கெனவே என்ன சாப்பிடுறீங்க?" என்று அந்த டாக்டர் கேட்டதற்கு "ஏதோ மாத்திரை" என்று பதில். அவரும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த தடவை அட்டையைக் கொண்டு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

அம்மாவிடம் ஏன் பெயர் கேட்கவில்லை என்றால், "டாக்டர்கிட்ட போய் அதெல்லாம் கேட்கலாமாடி? மரியாதையா இருக்குமா?" என்கிறார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் ஐயா கலக்கிக் கொடுத்த மிக்ஸர் மருந்து ஞாபகம் இருக்கிறதா? போத்தலில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டி, ஒரு வேளைக்கு ஒரு கோடு. உள்ளே என்ன என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அம்மா இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்.

அம்மாவைப் படிக்காதவர் என்று சொல்ல முடியுமா? தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் படிக்கிறவர். பொட்டலத்தில் மலாயில் "செபெலும் மாக்கான்", "செலெப்பாஸ் மாக்கான்" என்று அச்சடித்தால் அவருக்கு எது சாப்பாட்டுக்கு முன், எது பின்? 2007இலேயே உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள் என்று அரசாங்கம் இயக்கம் தொடங்கியது, நல்ல காரியம்தான். இப்போது 2025 மே மாதத்திலிருந்து தனியார் கிளினிக்குகளிலும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டம். விலை தெரிகிறது. வாயில் போடுவது எதற்கு, எப்போது, போட்டால் என்ன செய்யும் என்பது அம்மா படிக்கிற எழுத்தில் தெரிய வேண்டாமா?

அந்தப் பெண் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். இனிப்பு நீருக்கான இன்னொரு மாத்திரை மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடாவிட்டால் வயிற்றைப் பிரட்டுமாம். அதனால்தான் அம்மா அதைப் பாதி நாள் ஒளித்து வைத்திருக்கிறார். பிரஷர் மாத்திரை அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்குமாம். ஒரு வருஷமாக அந்த வீக்கத்துக்கு நான் தைலம் தேய்த்துவிட்டேன், சரசு. கேட்டதும் அழுகை வந்துவிட்டது. "மக்சிக், இனி எங்கே போனாலும் பாவா செமுவா உபாட்" என்று, எல்லா மருந்தையும் கூடவே கொண்டுவரச் சொல்லி அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

வந்த அன்றே பள்ளிக்கூட நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி, மைலோ டின் மூடியில் ஒட்டிவிட்டேன். பெயர், எதற்கு, எத்தனை மணிக்கு, சாப்பிடாத வேளையில் எதைப் போடக்கூடாது. அம்மா விரலை வைத்து "கி-ளிக்-லா-சைடு" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். கோயில் பெண்கள் நாலு பேர் அதேபோல் எழுதிக் கேட்கிறார்கள். மருந்து விஷயம், தப்பாக எழுதிவிடுவேனோ என்று கை வரவில்லை. உன் சின்னவள் ஃபார்மசி கடைசி வருஷம்தானே? இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். சிவப்பு மையால் திருத்தி அனுப்பச் சொல்.

அப்புறம், போனில் நீ சொன்னாயே, பிரஷருக்குக் காலையில் அரை ரோஸ் மாத்திரை போடுகிறேன் என்று. அதன் பெயர் என்ன? கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே எழுந்து போய் அட்டையைப் பார்.

உன்,
தேவி