22.5 யார் போட்ட கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கக் கால்பந்துக் கட்டுரையில் 2021 வரையிலான, ஒரே பருவத்தில் அதிக ‘சாக்’ எடுத்தவர்களின் சாதனைப் பட்டியலைப் பார்த்தேன். 1984இல் மார்க் காஸ்டினோ 22, 2001இல் மைக்கேல் ஸ்ட்ரேஹன் 22.5, 2021இல் டி.ஜே. வாட் அதே 22.5. எண்கள் சரிதான். ஆனால் யார் எண்ணினாலும் இதே விடைதான் வரும் என்பது போலக் கட்டுரை பேசுகிறது. அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

பந்தை எறிய முயலும் குவார்ட்டர்பேக்கை (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் வீரர்), ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்டவிடாமல் வீழ்த்தினால் அது சாக். எறியும் எண்ணமே இல்லை, பந்தோடு ஓடுவதுதான் திட்டம் என்றால், எவ்வளவு பலமாக வீழ்த்தினாலும் அது சாக் ஆகாது. இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி. பட்டியலில் வரும் அந்த .5 அப்படி வந்ததுதான். ஆக, குவார்ட்டர்பேக் மனதில் என்ன இருந்தது என்று யாராவது தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். முதலில் மைதானத்தில் இருக்கும் புள்ளிவிவரக் குழு சொல்கிறது. அப்புறம் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எப்எல்லின் அதிகாரபூர்வக் கணக்கரான எலியாஸ் ஸ்போர்ட்ஸ் பீரோ ஆட்டத்தை மறுபடி பார்த்துத் திருத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை கிடைத்த சாக் அந்த வாரத்திலேயே பறிபோவதும் உண்டு.

2022 ஜனவரியில், அந்தப் பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தில், பால்டிமோர் குவார்ட்டர்பேக் டைலர் ஹன்ட்லி கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டுத் தடுமாறினார். பிட்ஸ்பர்க் அணியின் வாட் பாய்ந்து அவரை வீழ்த்தினார். அது சாக் இல்லை என்று தீர்ப்பானது. பந்து தவறிய கணத்திலேயே எறியும் ஆட்டம் கலைந்துவிட்டது என்பது காரணம். அதே ஆட்டத்தில் வாட்டுக்கு வேறொரு சாக் கிடைத்து, கணக்கு 22.5இல் நின்றது. (நான் பிட்ஸ்பர்க்கில் இருப்பவன். இந்த விஷயத்தில் என்னை முழுக்க நம்ப வேண்டாம்.)

இதோடு ஸ்ட்ரேஹனின் கடைசி சாக்கை வைத்துப் பாருங்கள். 2002 ஜனவரி 6. எதிரணியான கிரீன் பே வெற்றியை நெருங்கிவிட்ட நேரம். பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பார் என்று சொந்த அணியினரே நினைத்திருக்க, அதன் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் பந்தை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடி, எதிரே வந்த ஸ்ட்ரேஹனின் காலடியில் தானாகச் சரிந்தார். ஸ்ட்ரேஹன் அவரைத் தொட்டார், அவ்வளவுதான். முழு சாக்! காஸ்டினோவின் சாதனை போயிற்று. எவ்வளவு பாடுபட்டு வீழ்த்தினார் என்று விதி கேட்பதில்லை, எனவே கணக்கர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் விழுந்து கொடுத்ததற்கு 1, விரட்டிப் பிடித்ததற்கு 0 என்றால், அந்த 22.5ஐ விளக்கம் இல்லாமல் அச்சிடுவது சரியா?

இன்னொரு குறை. காஸ்டினோவுக்கு முன்னால் யாரும் 22ஐத் தொட்டதில்லை என்று கட்டுரை சொல்கிறது. என்எப்எல் தனிநபர் சாக் கணக்கை அதிகாரபூர்வமாக வைக்கத் தொடங்கியதே 1982இல்தான். 1974 பருவத்தோடு விடைபெற்ற பழைய வீரர் டீக்கன் ஜோன்ஸின் பெயரில் அதிகாரபூர்வமாக ஒரு சாக்கூடக் கிடையாது. பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் பல ஆண்டுகள் துருவிய ஆய்வாளர்களின் கணக்கை புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம் 2021இல் வெளியிட்டது. அதன்படி ஜோன்ஸுக்கு மொத்தம் 173.5, 1964 பருவத்தில் மட்டும் 22. 1978இல் டெட்ராய்ட் அணியில் புதுமுகமாக ஆடிய அல் ‘பப்பா’ பேக்கருக்கு 23. என்எப்எல் இதை ஏற்கவில்லை, அது அவர்கள் பாடு. ஆனால் “யாரும் தொட்டதில்லை” என்று நாம் எழுதுவதற்கு அது காரணம் ஆகாது.

அடுத்த முறை இந்தப் பட்டியலை வெளியிடும்போது தலைப்பில் ‘1982 முதல்’ என்று சேருங்கள். அடியில் ஒரு வரியில் பேக்கரின் 23ஐயும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிட்ஸ்பர்க்